திறந்தது ஊர், திறக்கவில்லை திண்ணை!

தோழரே!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏட்டைப் பிரித்ததும், தேர்தலைப் பற்றி எழுதியிருப்பான், மாற்றுக் கட்சியாரை மடக்கியிருப்பான் என்று எதிர்பார்த்திருப்பீர். இன்று அவற்றையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஒரு திண்ணையைப் பற்றிப் பேசப்போகிறேன். திண்ணையில் என்ன அரசியல் என்று கேட்காதீர். கோட்டையில் இருப்பதைவிட அதிகமான அரசியல் அங்கே இருக்கிறது.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். வாய்க்கால் ஓரத்துத் தெரு. ஓட்டு வீடு. வாசலின் இருபுறமும் திண்ணை. வலப்புறத் திண்ணையிலே, காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து அமர்வார் என் அப்பாயி. பால்காரரின் மணியோசை கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் போவார்கள். கீரைக்காரி கூடையை இறக்கி வைத்து ஒரு வாய் வெற்றிலை போட்டுப் போவாள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டுப் பெண்ணை யார் வந்து பார்த்துப் போனார்கள், எந்த வயலில் தண்ணீர் ஏறவில்லை, எல்லாம் அந்தத் திண்ணைக்குத் தெரியும். பத்து மணிக்குக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு குளக்கரை வரை நடை. மாதம் ஒருமுறை நியாயவிலைக் கடை, மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. எழுபத்தொன்பது வயது மூதாட்டிக்கு அது ஒரு வாழ்க்கை, தோழரே. நிறைந்த வாழ்க்கை!

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் நாள் இரவு, பிரதமர் தொலைக்காட்சியிலே தோன்றினார். அறுபது, அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வரும் சில வாரங்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சில வாரங்கள்! 24ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடே பூட்டப்பட்டது. பிறகு ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு உள்துறை அமைச்சகம் விடுத்த தளர்வு ஆணைகளைப் படித்துப் பாரும். இது திறக்கலாம், அது ஓடலாம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்ற வரி மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும்.

நோய் பொய்யன்று. அதை மறுப்பவன் அல்லன் நான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆயினும் கணக்குப் புரியாதவன் அல்லன். 2020இல் நம் நாட்டில் பதிவான கொரோனா மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை அறுபது கடந்தோருடையவை. காக்கவேண்டியது கடமை. காத்த முறையைப் பற்றித்தான் வழக்கு. காப்பு என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டல்லவா? அரணும் காப்பு, கையிலே பூட்டுகின்ற வளையமும் காப்பு. குழந்தையின் கையிலே பூட்டினால் அழகு. முதியவரின் கையிலே, அவரைக் கேளாமலே பூட்டிவிட்டு, சாவியைத் தொலைத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்?

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? 2020 மே 7ஆம் நாள் தமிழகத்தில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. கூட்டம் குவியாதிருக்க வயதுவாரியாக நேரம் வகுத்தார்கள். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை யாருக்கு? ஐம்பது வயதைக் கடந்தோருக்கு! பெரியவர்களுக்கு முதல் மரியாதை! குளக்கரைக்கு நடக்கக்கூடாத கால்களுக்கு மதுக்கடை வரிசையிலே முன்னிடம். நாடகத்தில் இப்படி ஒரு காட்சி எழுதியிருந்தால், "மிகைப்படுத்துகிறான்" என்று நீங்களே சொல்லியிருப்பீர்.

அப்பாயி திண்ணையைவிட்டு உள்ளே போனார். கூடத்தின் ஓரத்தில் ஒரு கட்டில். அந்தக் கட்டிலும் நிலைக்கவில்லை. திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை பார்த்த சித்தப்பா மகன் குடும்பத்தோடு ஊர் திரும்பினான்; சென்னையிலிருந்து நானும் போய்ச் சேர்ந்தேன். நால்வர் இருந்த வீட்டில் பதினொருவர். கூடம் நிரம்பியது, கட்டில் பின்கட்டுக் கொட்டிலுக்குப் போனது. யாரும் தீயவர் அல்லர். யாரும் அவரை ஏசவில்லை, வேளைக்குச் சோறு போடாமல் இருக்கவில்லை. "உனக்குத்தான் தொற்றும் அப்பாயி, நீ தனியாக இருப்பதுதான் நல்லது" என்று அன்பாகத்தான் சொன்னோம். அன்பாகச் சொல்லி, ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினோம்.

நடக்காத கால் என்ன ஆகும்? மருத்துவரைக் கேளும். பத்து நாள் படுக்கையிலே கிடந்தால், முதியோரின் தொடைத் தசை இளைஞருடையதைவிட விரைவாகக் கரைகிறது. கரைந்தது திரும்பி வருவதோ அரிது. கால் தளர்ந்தால் தடுமாற்றம், தடுமாறினால் விழுகை, விழுந்தால் இடுப்பெலும்பு. கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தவர்களுக்கு, அவசரமில்லாதவை தள்ளிவைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எழுபது வயதில் பார்வை மங்கி நிற்பவருக்கு அவசரமில்லையாம்! ஊருக்கு ஊர் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாம்கள் நின்றன. முகாமிலிருந்து பேருந்தில் ஏற்றிச் சென்று, அறுவை முடித்து, கறுப்புக் கண்ணாடியோடு திரும்பக் கொண்டுவந்து விடுவார்களே, அந்தக் காட்சியே மாதக்கணக்கில் இல்லாமற் போயிற்று. மங்கிய கண்ணும் தளர்ந்த காலும் ஓரிடத்தில் கூடினால் விழாமல் என்ன செய்யும்?

பட்டணத்து முதியோர் நிலை வேறுவகை. மயிலாப்பூர் மாடி வீட்டிலே, மகனை அமெரிக்காவுக்கும் மகளை ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டு, கிழவரும் கிழவியும் இருவராக வாழும் குடும்பங்கள் எத்தனை! பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் வாழ்வு நாலு பேர் கையிலே இருந்தது. சமையற்கார அம்மாள், காலையும் மாலையும் வந்து துடைத்துவிடும் பணிப்பெண், மருந்துக்கடைப் பையன், வாடகை வண்டிக்காரர். ஊரடங்கு அந்த நாலு பேரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வானூர்திகளும் நின்றன. மகன் திரையிலே தெரிந்தான். தெரிந்த மகனால் ஒரு குவளை வெந்நீர் வைத்துக்கொடுக்க முடியவில்லை. ஆக, பணம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் அந்நாளில் ஒரே உண்மை விளங்கியது: முதுமைக்குக் காவல் மனிதக் கைகள். அந்தக் கைகளுக்கு உரிய கூலி என்ன, ஓய்வு என்ன, நோயுற்றால் யார் பொறுப்பு என்று எந்தச் சட்டமன்றத்தில் எத்தனை மணி நேரம் பேசினோம்?

இனி, என் தொழிலிலிருந்து ஒரு செய்தி. நாடகக்காரனுக்குப் பங்குனி முதல் ஆனி வரை அறுவடைக் காலம். 2020இலும் 2021இலும் இரண்டு அறுவடையும் போயிற்று. எங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் எழுபதைக் கடந்தவர். ஊரடங்கு தளர்ந்து ஒத்திகைக்குக் கூடியபோது, "ஐயா வரவேண்டாம், ஆணை இருக்கிறது" என்றோம். "ஆணை எனக்கு அரிசி போடுமா?" என்று கேட்டார். விடை சொல்லத் தெரியாமல் நின்றேன்.

விடை பம்பாயிலிருந்து வந்தது. மராட்டிய அரசு 2020 மே மாதக் கடைசியில், அறுபத்தைந்தைக் கடந்த எவரும் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழையக்கூடாது என்று விதி செய்தது. சிறு சிறு வேடங்கள் ஏற்று வயிறு வளர்த்த எழுபது வயது நடிகர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெருநடிகர் அல்லர், பின்னே நிற்கும் கூட்டத்தில் ஒருவர். ஆகஸ்ட் 7ஆம் நாள் அந்த விதி பாகுபாடு என நீதிமன்றம் கூறி, அதை நீக்கியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்கள் ஆர்மோனியப் பெரியவர் வீட்டுக்கு நானே நடந்து போனேன். வேறென்ன செய்ய? ஓர் எழுபது வயதுக் கிழவர் வழக்காடிப் பெற்ற உரிமையை, முப்பது வயது முற்போக்குக்காரன் நான், ஓர் ஒத்திகைக் கொட்டகையில் மறுத்திருந்தேனே!

முதியோர் உதவித்தொகைக்கு வருவோம். ஒரு காலத்தில் அஞ்சற்காரர் மணியார்டர் கொண்டுவந்து திண்ணையிலேயே எண்ணிக் கொடுப்பார். பிறகு நாகரிகம் வந்தது. வங்கியின் முகவர் வந்தார். கையளவு கருவி ஒன்று வந்தது. விரல் வைத்தால் பணம். எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில், முகக்கவசங்களுக்கு நடுவே, நான் கண்ட காட்சி இது.

"விரலை வைங்க பாட்டி."

"வச்சேன் தம்பி."

"பதியலையே. வேற விரல் வைங்க."

"பத்து விரலும் வச்சாச்சு."

"ரேகையே இல்லையே பாட்டி?"

"அறுபது வருஷம் நாத்து நட்ட விரல் தம்பி. ரேகை வயல்ல கிடக்கு, அங்க போயித் தேடு."

இதை எழுதியவன் நான் அல்லன், அந்தக் கிழவி. முகவரும் இளைஞர், அவர்மீது பழியில்லை. கருவிக்கு உழைப்பின் கதை தெரியாது. தொகைதான் எவ்வளவு? தமிழகத்தில் 2011 முதல் மாதம் 1,000 ரூபாய். 2023இல் 1,200 ஆயிற்று. அதிலே மத்திய அரசின் பங்கு, அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவருக்கு, 200 ரூபாய். இந்திரா காந்தி பெயரை அத்திட்டம் 2007இல் பூண்டபோதும் 200. பதின்மூன்று ஆண்டு கழித்துப் பெருந்தொற்று வந்தபோதும் அதே 200! தொற்றுக்கால உதவி என மேலும் 1,000 ரூபாய் அறிவித்தார்கள்; அதையும் ஒரே முறையில் தராமல் 500, 500 என இரண்டு தவணையாக. உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள், தகுதியுள்ள முதியோர் அனைவருக்கும் ஓய்வூதியம் முறையாகப் போய்ச் சேரவேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆணையிட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாரும்.

பெற்றோரைப் பேணச் சட்டம் 2007 முதல் இருக்கிறதே என்பீர். இருக்கிறது. கோட்டாட்சியர் முன்னே மனுக் கொடுக்கலாம். தொண்ணூறு நாளில் முடிக்கவேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கலாம். பேருந்தே ஓடாத நாளில், பெற்ற மகன்மீது புகார் எழுதி எடுத்துக்கொண்டு, அறுபது கல் தொலைவு போகிற தாயை எனக்குக் காட்டும், நான் கைகூப்புகிறேன்.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். 2020 ஜூலையில் சிதம்பரத்திலிருந்து செய்தி வந்தது. அப்பாயியின் தம்பி இறந்துவிட்டார். கொரோனா அன்று, மாரடைப்பு. மாவட்டம் கடக்க இ-பாஸ் வேண்டும். சாவுக்கென்று கேட்டால் கிடைக்கும். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடாது. அப்பாயி சேலையை மாற்றிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றார். "வேண்டாம் அப்பாயி. உன் வயதுக்கு ஆபத்து" என்று வழிமறித்தவன் வேறு யாருமல்லன், மேடை மேடையாகச் சுயமரியாதை பேசுகிற நான்தான். அவர் வாதாடவில்லை. மறுபடி கொட்டிலுக்குப் போய், சுவரைப் பார்த்து அமர்ந்து, மெல்லிய குரலில் ஒப்பாரி வைத்தார். கூட அழ ஆளில்லாத ஒப்பாரி. இறந்தவரின் வீட்டில் எண்ணிப் பார்த்தால் அன்று பதினான்கு பேர்தாம் இருந்தார்களாம். இன்னும் ஆறு பேருக்கு இடமிருந்தது.

அவரைத் தடுத்தது தவறா? இன்றும் உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. போயிருந்தால் தொற்றியிருக்கலாம், இறந்திருக்கலாம். ஆனால் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு சொல் நான் கேட்டிருக்கலாம். எண்பதை நெருங்கியவருக்குத் தன் உயிரின்மீது இருந்த உரிமையை, இருபத்தொன்பது வயது பேரன் எடுத்துக்கொண்டேன். அரசு நாட்டுக்குச் செய்ததை நான் வீட்டுக்குள் செய்தேன்.

தடுப்பூசி வந்தது. 2021 மார்ச் 1 முதல் அறுபது கடந்தோருக்கு என்றார்கள். நல்ல முடிவு, முதலில் அவர்களுக்கே என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. நடக்க முடிந்தவர் போய்ப் போட்டுக்கொண்டார். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்? வீட்டுக்கே சென்று போடலாம் என்ற மத்திய அரசின் அறிவிப்பு அந்த ஆண்டு செப்டம்பர் பிற்பாதியில்தான் வந்தது. இடையிலே இரண்டாம் அலை ஏப்ரலையும் மே மாதத்தையும் எரித்துவிட்டுப் போயிருந்தது. யாரை வெளியே வராதே என்று முதலில் சொன்னார்களோ, அவர் வீட்டுக்கு ஊசி கடைசியாகச் சென்றது.

முடியாத காரியமா அது? அன்று. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. இயன்முறைச் சிகிச்சை செய்பவர் வந்தார். எங்கள் ஊருக்கும் ஒரு பெண் வந்தாள். கொட்டிலில் குனிந்து நுழைந்து, அப்பாயியின் காலைத் தன் மடியில் வைத்து, நீட்டவும் மடக்கவும் கற்றுக்கொடுத்தாள். அரசாங்கம் திண்ணை ஏறலாம் என்பதற்குச் சான்று அது. ஏறியதைப் பாராட்டுவேன்; ஊருக்கு ஒருத்தி போதாது என்பதையும் சொல்வேன்; அந்தப் பெண்களுக்குத் தரும் ஊதியம் போதாது என்பதை என் கட்சி மேடையிலேயே சொல்வேன்.

செல்வம் கொழிக்கும் நாடுகளில் மட்டும் முதியோர் நன்றாக இருந்தார்களா என்று கேட்பீர். சுவீடனைப் பாரும். அங்கே முதியோர் இல்லங்களில் சாவு குவிந்தது. ஆனால் ஆணையம் அமைத்தார்கள். 2020 டிசம்பரிலேயே அந்த ஆணையம், முதியோரைக் காக்கும் முயற்சி தோற்றது என்றும், ஆண்ட அரசுக்கும் முன்பு ஆண்ட அரசுகளுக்கும் அதில் பொறுப்புண்டு என்றும் எழுதிவைத்தது. அரசரே தோற்றோம் என்றார். நம் நாட்டிலே தோற்றோம் என்று சொன்ன வாய் எது? விளக்கேற்றிய கை உண்டு. தட்டு தட்டிய கை உண்டு.

எல்லாவற்றிலும் என் நெஞ்சை அறுப்பது ஒரு சிறு சலுகை. ரயிலிலே அறுபது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டு கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணம் குறைத்துத் தந்தார்கள். 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. காரணம்? வீண் பயணம் தவிர்த்து, முதியோரை நோயிலிருந்து காக்க! சரி, ஏற்றோம். 2021 நவம்பரில் சிறப்பு ரயில் என்ற பெயரை எடுத்தார்கள். வண்டிகள் பழைய பெயரில் ஓடின. சலுகை வரவில்லை. நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழு, படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வகுப்பிலுமாவது திருப்பிக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. வரவில்லை. 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி முடிந்ததென்று அறிவித்தது. அன்றும் வரவில்லை. 2022-23 என்ற ஒரே ஆண்டில், சலுகையை நிறுத்தியதால் மட்டும் முதியோரிடமிருந்து ரயில்வேக்குக் கூடுதலாகக் கிடைத்தது 2,242 கோடி ரூபாய். 2024 டிசம்பரில் கேட்டபோது அமைச்சர் சொன்ன விடை, பயணிகள் எல்லோருக்குமே சராசரி 46 சதவீதம் சலுகை தருகிறோமே என்பது. எல்லோருக்கும் தருவது அன்றும் இருந்ததல்லவா? முதியவருக்கென்று இருந்தது எங்கே என்பதன்றோ கேள்வி! நோய்க்கு அஞ்சி எடுத்ததை, நோய் போனபின் கணக்குக்காக வைத்துக்கொண்டால், அதற்குக் காப்பு என்று பெயரில்லை.

2023 மே மாதக் கடைசி. அப்பாயிக்கு எண்பத்திரண்டு. சென்னையிலே அவருடைய தங்கை, உடன்பிறந்தோரில் மிஞ்சிய ஒரே ஒருவர். பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. "இப்பவாச்சும் போகலாமா?" என்று என்னைக் கேட்டார், அவர் என்னிடம் அனுமதி கேட்கும்படி ஆகிவிட்டதே என்று குறுகிப்போனேன். மன்னார்குடி நிலையத்துக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். "சீட்டு நானே வாங்குறேன், எனக்குப் பாதிதான்" என்று, சுருக்குப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, இரண்டு முறை எண்ணி வைத்துக்கொண்டார். படிவத்தை நான் நிரப்பினேன். பெயர், பெண், வயது 82. சாளரத்துக்குள் இருந்தவர் தொகையைச் சொன்னார். அப்பாயி கையிலிருந்ததைப்போல் இரு மடங்கு. "சலுகை இல்லைம்மா, கொரோனாவிலேயே எடுத்துட்டாங்க" என்றார் அவர், தணிந்த குரலில்.

அப்பாயி பையைச் சுருக்கவில்லை. மீதியை நான் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு படிவத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்:

"அப்புறம் எதுக்குடா இதுல வயசக் கேக்குறான்?"